அரசு, வர்க்கம், கடவுள்: வன்னியில் ஒரு விவாத வட்டம் நடத்துவதற்கான வழிகாட்டி

எங்கள் சனசமூக நிலையத்தில் நடந்த முதல் விவாதம் இருபது நிமிடத்தில் குழம்பிப் போனது. தலைப்பு, 'கடவுள் இருந்தால் இவ்வளவு துன்பம் ஏன்?' ஏ.எல். படிக்கும் தம்பி ஒருவன், பாடசாலை விவாத அணியில் நன்றாகப் பேசுபவன், "எல்லாம் முற்பிறவி வினையின் பயனே" என்று மேடைக் குரலில் சொல்லி முடித்தான். மூன்றாவது வரிசையில் இருந்த ஓர் அம்மா மடியில் கிடந்த பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். வாசலில் குனிந்து செருப்பைப் போட்டவர் நிமிர்ந்து, "அப்ப என்ர பிள்ளை என்ன பாவம் செய்தவன், தம்பி?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. பதில் கிடைத்தால் கேட்டுக்கொண்டு போகலாம் என்பதுபோல் சற்று நேரம் நின்றார். பிறகு போய்விட்டார்.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தலைப்பை வைத்தவன் நான். கதிரைகளை மேடையைப் பார்க்கப் போட்டவனும் நான்.

அதன்பிறகு பலமுறை கூடிவிட்டோம். கற்றுக்கொண்டதில் பெரியது, கேள்விகளின் வரிசை. ஒரு துன்பத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் மூன்று கேள்விகள் வரும். இதைத் தடுக்கக்கூடிய இடத்தில் இருந்தது யார்? இது யார் தலையில் கூடுதலாக விழுந்தது? கடவுள் ஏன் இதை விட்டார்? முதலாவது அரசாங்கத்தைப் பற்றியது. இரண்டாவது வர்க்கத்தையும் சாதியையும் பற்றியது. மூன்றாவது எல்லாச் சமயங்களும் முட்டிக்கொண்ட பழைய சிக்கல். நாங்கள் மூன்றாவதிலிருந்து தொடங்கினோம். அப்படித் தொடங்கினால் வெள்ளத்துக்கும் கடனுக்கும் போருக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் பின்கதவால் போய்விடுகிறார்கள். கடவுளும் பறிகொடுத்தவரும் மட்டும் சபை நடுவில் நிற்கவேண்டி வருகிறது.

உங்கள் ஊரில் இப்படி ஒரு வட்டம் தொடங்க நினைத்தால் கீழே உள்ள படிகள் உதவும்.

படி 1: இடம், நேரம், ஆட்கள்

கோயில் மண்டபமும் வேண்டாம், தேவாலய மண்டபமும் வேண்டாம். அங்கே கடவுளைப் பற்றி மனம் திறந்து கேட்கப் பலருக்கு வாய் வராது. சனசமூக நிலையம் அல்லது ஒரு மரநிழல் போதும். கதிரைகளை வட்டமாகப் போடுங்கள். பன்னிரண்டு பேர் முதல் பதினைந்து பேர்வரை நல்லது. அதற்கு மேல் போனால் வட்டம் கூட்டமாகிவிடும்.

விதைப்பிலும் வெட்டிலும் யாரையும் கூப்பிடாதீர்கள். போயா தினத்துப் பின்னேரம் வசதி. காட்டோர ஊர் என்றால் யானை இறங்கும் நேரத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பெண்கள் அரைவாசியில் எழும்பிப் போவார்கள், ஆண்கள் மட்டும் மிஞ்சுவார்கள்.

யாரை அழைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். வயல்காரர், கூலிக்குப் போகிறவர், அரச உத்தியோகத்தர், கடலுக்குப் போகிறவர், மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தவர் என்று கலந்து இருக்கட்டும். சம்பளக்காரர்கள் மட்டும் கூடி வறுமையைப் பற்றி விவாதித்தால் பேச்சு அழகாக இருக்கும், தெரிய வேண்டியது எதுவும் தெரியவராது.

படி 2: விதிகளை முதல் நாளே பேசி முடிப்பது

எங்கள் ஆட்களுக்கு விவாதிக்கத் தெரியாது என்று சொல்கிறவர்கள் ஒரு சிறுபோகக் கூட்டத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். குளத்தில் எத்தனை அடி தண்ணீர், எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த வாய்க்காலுக்கு எப்போது விடுவது என்று அரசாங்க அதிபரின் முன்னால் கமக்காரர் அமைப்புகள் கணக்கோடு வாதாடும். பெரிய படிப்பில்லாத ஐயாமார் பொறியியலாளரைத் திருப்பிக் கேள்வி கேட்பார்கள். விவாத வட்டத்துக்கு அந்தப் பழக்கம்தான் வேண்டும். திருவிழாப் பட்டிமன்றப் பழக்கம் இங்கே சரிவராது. சிரிக்கவைத்துக் கைதட்டு வாங்கி, நடுவர் தீர்ப்புச் சொல்லி முடிக்கும் வடிவத்தில், இழப்பைச் சுமந்து வந்தவருக்கு இடமில்லை.

மணிமேகலையில், புகாரில் இந்திரவிழாவை முரசறைந்து அறிவிப்பவன் சமயவாதிகளைப் பட்டிமண்டபம் ஏறச் சொல்லிவிட்டு, "பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும் செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்" என்கிறான். பகைவரோடு என்றாலும் கோபமும் சண்டையும் வேண்டாம், விலகிப் போங்கள் என்பது பொருள். எங்கள் சுவரில் இதை எழுதி ஒட்டியிருக்கிறோம். இது தவிர மூன்று விதிகள்:

ஒருவரின் வாதத்தை மறுக்க முன்னர் அதை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லுங்கள். அவர் "ஓம், இதைத்தான் சொன்னனான்" என்று ஒப்புக்கொண்ட பிறகே மறுக்கலாம். இது சைவ சித்தாந்தத்தில் பழைய முறை. சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் அருணந்தி சிவாச்சாரியார் பதினான்கு மாற்றுக் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லித்தான் மறுக்கிறார். தன் சொந்தப் பக்கமான சுபக்கம் அதற்குப் பிறகே வருகிறது.

வட்டத்தில் இருக்கும் ஒருவரின் இழப்பை வேறொருவர் உதாரணமாக எடுக்கக்கூடாது. அவரே எடுத்தால் மட்டும் பேசலாம்.

அரசாங்கத்தைப் பற்றிப் பேசும்போது சீட்டுக் குலுக்கிப் பக்கம் பிரிக்கலாம். துன்பமும் கடவுளும் பற்றிப் பேசும்போது பக்கம் பிரிக்கவே கூடாது. தான் நம்பாததை அந்த இடத்தில் யாரும் பேசவேண்டியதில்லை.

படி 3: அரசாங்கத்தைத் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

'எந்த ஆட்சிமுறை சிறந்தது?' என்று கேட்டால் எல்லாரும் பத்திரிகையில் வாசித்ததைச் சொல்வார்கள். 'கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொடுக்கலாமா?' என்று கேட்டுப் பாருங்கள். கதிரைகள் முன்னுக்கு நகரும். சிறுபோகத்துக்கே தண்ணீர் போதாது என்று கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரை மட்டும் நம்பியிருக்கும் குடாநாட்டுக்கும் தண்ணீர் வேண்டும். கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் திட்டம் வந்தது. இந்த ஒரு விடயத்திலேயே ஆட்சி பற்றிய எல்லாக் கேள்வியும் இருக்கிறது. ஒரு குளம் அதன் கீழ் விதைக்கிறவனுக்குச் சொந்தமா, மாகாணத்துக்கா, நாட்டுக்கா? பெரும்பான்மை தாகம் சிறுபான்மை வயலை வெல்லலாமா? முடிவெடுத்தவரை மாற்ற எங்களுக்கு வழி உண்டா?

வயல்காரரை யாழ்ப்பாணத்துக் கிணற்றுக்காரருக்காகப் பேசவிடுங்கள். எங்கள் வட்டத்தில் ஓர் அண்ணை அப்படிப் பேசத் தொடங்கி, நடுவில் நிறுத்தி, "இது எனக்கு முதல் விளங்கேல்ல" என்றார். அன்றைக்கு அது போதும் என்று தேத்தண்ணிக்கு எழும்பிவிட்டோம்.

அடுத்த கூட்டத்தில் யார் யாரிடம் அதிகாரம் இருக்கிறது என்று ஒரு பெரிய தாளில் வரையுங்கள். கமக்காரர் அமைப்பு, பிரதேச சபை, பிரதேச செயலகம், மாவட்டச் செயலகம், மாகாண சபை, கொழும்பு. எது தேர்தலால் வருவது, எது நியமனத்தால் வருவது என்று இரண்டு நிறத்தில் காட்டுங்கள். 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தால் மாகாண சபைகள் வந்தன. வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் 2013 செப்டெம்பரில்தான் நடந்தது. 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தபின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் இல்லாமல் ஆளுநரின் கீழேயே மாகாணம் போனது. வன்னித் தேர்தல் மாவட்டத்தில் மன்னாரும் வவுனியாவும் முல்லைத்தீவும் இருக்கின்றன, வன்னியிலேயே உள்ள கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் இருக்கிறது. இதைத் தாளில் பார்க்கும்போது வாக்களித்துப் பழகியவர்களே ஆச்சரியப்படுகிறார்கள்.

பிறகு 2018 டிசம்பர் வெள்ளத்தை எடுங்கள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கானோரின் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. இரணைமடுவின் வான்கதவுகள் உரிய நேரத்தில் திறக்கப்பட்டனவா என்பது பெரிய சர்ச்சையானது. மழையைப் பெய்யவைத்தது யார் என்ற கேள்வியும் கதவைத் திறக்கவேண்டியது யார் என்ற கேள்வியும் வேறு வேறு என்பதை இந்த ஒரு சம்பவம்போல் வேறெதுவும் காட்டித்தராது. இந்த வேறுபாட்டை இங்கேயே நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் படியில் இதைத்தான் நம்பி நிற்கப் போகிறீர்கள்.

விவாதத்தில் ஒரு தகவல் தெரியாமல் முட்டுப்பட்டால் ஊகித்துச் சண்டை பிடிக்க வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உரிய அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் கொடுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். பதில் வந்தபின் விவாதத்தைத் தொடரலாம்.

படி 4: வர்க்கத்தைப் புளியங்கொட்டையால் எண்ணுவது

ஊருக்குள் வைத்துக் கதைக்க மிகக் கடினமானது இதுதான். அரசாங்கம் தூரத்தில் இருக்கிறது, கடவுள் அதைவிடத் தூரத்தில். வர்க்கம் பக்கத்துக் கதிரையில் இருக்கிறது.

"எங்கட ஊரில எல்லாரும் ஒண்டுதான். சண்டையில எல்லாருக்கும் எல்லாம் போட்டுது" என்று யாராவது தொடங்குவார். அவரோடு வாதாட வேண்டாம். ஒரு வெறும் பால்மாப் பேணியை எடுங்கள், ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுங்கள். கேள்விகளை மெதுவாக வாசியுங்கள். இருக்கும் காணிக்கு உங்கள் பெயரில் பத்திரம் இருக்கிறதா? வாய்க்கால் தண்ணீர் பாயும் வயல் இருக்கிறதா? வீட்டில் ஒருவருக்காவது மாதச் சம்பளம் உண்டா? வெளிநாட்டிலிருந்து காசு அனுப்ப ஆள் இருக்கிறதா? கிழமைக் கடன் இல்லாமல் இருக்கிறீர்களா? பத்துக் கேள்வியை உங்கள் ஊருக்கு ஏற்ப நீங்களே எழுதலாம். 'ஓம்' என்றால் ஒரு கொட்டையைச் சேலைத் தலைப்புக்குள்ளோ பொக்கற்றுக்குள்ளோ பத்திரப்படுத்த வேண்டும். 'இல்லை' என்றால் கைக்குள் பொத்திக்கொள்ள வேண்டும். கடைசியில் பேணி சுற்றிவரும்போது பொத்திய கையை உள்ளே விட்டுத் திறப்பார்கள். யார் எத்தனை போட்டார் என்று ஒருவருக்கும் தெரியாது, ஆனால் காது கேட்கும். ஒருவர் போடும்போது டக் என்று ஒரு சத்தம். அடுத்தவர் போடும்போது கையிலிருந்து சொரிகிற சத்தம். அந்தச் சத்தத்துக்குப் பிறகு எல்லாரும் ஒன்று என்று எங்கள் வட்டத்தில் யாரும் சொல்லவில்லை.

அதன்பின் காரணத்துக்குப் போங்கள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பேர்மிட் வாங்கிக் குடியேறியவர் பிள்ளைக்கு அந்தக் காணி வந்தது. தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று (பின்னுரித்தாளர்) நியமிக்கப்படாத இடத்தில் பெண்பிள்ளைக்கு முன்னால் ஆண்பிள்ளைக்கே போகும்படி அந்தச் சட்டத்தின் அட்டவணை இருந்தது. அதை 2022இல்தான் திருத்தினார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழரில் பலர் 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்து காடு வெட்டினார்கள், மற்றவர் வயலில் கூலிக்கு நின்றார்கள். அவர்களின் பிள்ளைகள் இன்றும் எந்தக் கேள்விக்கு 'இல்லை' என்கிறார்கள் என்று பாருங்கள்.

சாதியை ஒதுக்கிவிட்டு வர்க்கத்தை மட்டும் பேசலாம் என்று ஆலோசனை சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பொது இடங்களில் சாதி காட்டி ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் வந்தது. ஆனாலும் 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரத்தில் கோயிலுக்குள் போவதற்காகவே மக்கள் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. வன்னியில் அது போய்விட்டதா என்று தெரிய, கோயில் நிருவாக சபையில் எந்தக் குடும்பங்கள் இருக்கின்றன, கலியாணப் பேச்சில் முதலில் என்ன விசாரிக்கிறார்கள் என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். ஆளையோ குடும்பத்தையோ பெயர் சொல்ல வேண்டாம்.

இந்தப் படியின் கடைசியில் ஒரு குறளை வையுங்கள். "அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை." பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஏறிப் போகிறவனையும் பார்த்தாலே அறத்தின் பயன் தெரியும், நூல் சொல்லத் தேவையில்லை என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். அந்த இருவரையும் காட்டி 'இதுதான் அறத்தின் பயன்' என்று சொல்லவேண்டாம் என்று திருவள்ளுவர் மறிக்கிறார் என்று எதிர்ப்பக்கமாகப் படிப்பவர்களும் உண்டு. ஒரே சொற்கள்தான். சுமப்பவன் போன பிறவியில் ஏதோ செய்தான் என்று நம்புகிறோமா, அப்படிச் சொல்லாதே என்கிறோமா? அரை மணித்தியாலம் விடுங்கள். பேச்சு தானாகவே அடுத்த படிக்கு வந்துவிடும்.

படி 5: தீமையும் கடவுளும்

இப்போதுதான் எங்கள் முதல் நாள் தலைப்புக்கு வருகிறோம். வேறொரு ஊரின் துயரத்திலிருந்து தொடங்குவது நல்லது. 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். போர்த்துக்கல்லின் லிஸ்பனில் மக்கள் தேவாலயங்களில் நிறைந்திருந்த காலையில் பூமி நடுங்கியது, பிறகு கடல் ஏறியது, பிறகு தீப்பிடித்தது. கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்மேல் கூரை விழுந்ததை எப்படி விளங்கிக்கொள்வது என்று ஐரோப்பா முழுவதும் எழுதித் தள்ளினார்கள். 2004 டிசம்பர் 26 காலையை முல்லைத்தீவுக் கரையில் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

கேள்வியைச் சுருக்கமாக வைத்தவர் என்று கிரேக்கத்து எபிகியூரஸைச் சொல்வார்கள். தடுக்க விருப்பம் உண்டு, முடியவில்லை என்றால் கடவுள் வல்லவர் இல்லை. முடியும், விருப்பமில்லை என்றால் நல்லவர் இல்லை. இரண்டும் உண்டென்றால் தீமை எங்கிருந்து வந்தது? இதைத் தாளில் எழுதி நடுவில் வையுங்கள். ஒவ்வொரு சமயத்தின் பதிலையும் அதை வாழ்கிற ஒருவரே சொல்லட்டும்.

எங்கள் வட்டத்தில் ஒரு சைவ ஐயா சொன்ன விளக்கம் இது. சித்தாந்தத்தில் கடவுள் உயிரைப் படைக்கவில்லை, உயிரை மறைக்கும் அழுக்கான ஆணவ மலத்தையும் படைக்கவில்லை. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் தொடக்கமில்லாதவை. ஆகவே கடவுள் ஏன் தீமையைப் படைத்தார் என்ற கேள்வி சைவனைப் பார்த்து அப்படியே எழாது. ஏன் இவ்வளவு தாமதம் என்றுதான் கேட்கலாம். அதற்கும் பதில் உண்டு, மலம் பழுக்கவேண்டும். சொல்வழி கேளாத பிள்ளையைத் தாய் தகப்பன் அடிப்பதும் பரிவுதான், இறைவனின் கோபமும் அப்படித்தான் என்று சித்தியார் சொல்லும். ஐயா இதைச் சொன்னதும் ஓர் அக்கா, "பிள்ளை செத்துப்போகும்வரைக்கும் அடிக்கிற தகப்பன் இருக்கோ, ஐயா?" என்று கேட்டார். "உயிர் சாகிறதில்லை, பிள்ளை. உடம்புதான் போறது" என்றார் ஐயா. "எனக்கு அந்த உடம்புதான் பிள்ளை" என்றார் அக்கா. ஐயா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அதுக்கு என்னட்டப் பதில் இல்லை" என்றார். அறுபது வருடம் தேவாரம் ஓதிய மனிதர் அதைச் சொன்ன விதத்தில் எனக்கு அவர்மேல் மதிப்புக் கூடியது.

கத்தோலிக்கர் மனித சுதந்திரத்தைப் பற்றியும், தீமை என்பது தனிப்பொருள் இல்லை, நன்மையின் குறைவே என்ற அகுஸ்தீனாரின் கருத்தைப் பற்றியும் சொல்வார்கள். ஆனால் வட்டத்துக்குக் கூடுதல் உதவியாக இருந்தது விவிலியத்தில் வரும் யோபுவின் நண்பர்கள் கதை. எல்லாம் இழந்த யோபுவின் பக்கத்தில் அவர்கள் ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் நிலத்தில் இருந்தார்கள். வாய் திறந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று விளக்கத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் பிழையாகப் போனது. முடிவில் கடவுள் கண்டிப்பது அந்த விளக்கக்காரர்களைத்தான். முஸ்லிம் நண்பர் இதைச் சோதனை என்பார். பாளிச் சூத்திரம் ஒன்றில் புத்தர், அனுபவிக்கும் எல்லாமே முன்வினை என்பது தவறு, பித்தம், பருவமாற்றம், பிறரின் தாக்குதல் என்று வேறு காரணங்களும் உண்டு என்கிறார். கடவுளை நம்பாதவரும் ஒருவர் இருக்கட்டும். அவருக்கும் ஒரு கேள்வி வையுங்கள்: விளக்கம் தேவையில்லை என்றால், இரவில் வரும் அழுகையை என்ன செய்வது?

இங்கே என் எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். வினைக் கொள்கை ஒருவர் தன்னைத் தானே பார்ப்பதற்கு. "இது என் வினை" என்று ஒருவர் தனக்குச் சொல்லிக்கொண்டால் அதை மறுக்க எனக்கு உரிமையில்லை. அடுத்தவரின் பிள்ளையைப் பற்றி அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

சுனாமியையும் போர் முடிந்த 2009 மே மாதத்தையும் ஒரே மூச்சில் பேசவிடாதீர்கள். கடலுக்கு முடிவெடுக்கத் தெரியாது. செல் அடிக்கும்போதும் ஆட்களைப் போகவிடாமல் மறிக்கும்போதும் மனிதர் முடிவெடுக்கிறார்கள். அதேபோல, எங்களுக்குச் செய்யப்பட்டதை மட்டும் தீமை என்று எண்ணிக்கொண்டு போக முடியாது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் நாங்கள். இதை வைக்காத வட்டம் கடவுளை விசாரிக்கத் தகுதி பெறாது என்பது என் உறுதியான நிலைப்பாடு.

பேச்சு எங்கும் போகாமல் சுற்றினால் கண்ணகியைக் கூப்பிடுங்கள். வற்றாப்பளைக்கு வைகாசிப் பொங்கலுக்குப் போகாத வன்னி வீடு குறைவு. கடல்நீரில் விளக்கெரிவதை எல்லாரும் கும்பிட்டிருக்கிறோம். அந்த அம்மன் கணவனைப் பறிகொடுத்து மதுரைத் தெருவில் நின்று கேட்டதை வாசித்துக் காட்டுங்கள். முதலில் "பெண்டிரும் உண்டுகொல்" என்கிறாள். பிறகு "சான்றோரும் உண்டுகொல்" என்கிறாள். மூன்றாவதாகத்தான் "தெய்வமும் உண்டுகொல்" என்கிறாள், அதையும் "வைவாளின் தப்பிய மன்னவன் கூடலில்" என்று அரசனின் பிழையோடு சேர்த்தே கேட்கிறாள். பிறகு சிலம்போடு அரண்மனைக்குப் போகிறாள்.

படி 6: முடிக்கும் முறை

தீர்ப்புச் சொல்ல வேண்டாம். கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு சி.ஆர். கொப்பியில், அன்று பதில் கிடைக்காத கேள்விகளை மட்டும் கேட்டவரின் சொல்லிலேயே எழுதுங்கள். அடுத்த கூட்டம் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கட்டும். தேத்தண்ணியும் பனங்கட்டியும் எழுதி முடித்த பிறகு. யாராவது அழுதிருந்தால் அவரோடு வீடுவரை ஒருவர் கூடப் போக வேண்டும். இதை முன்கூட்டியே ஒழுங்கு செய்துவையுங்கள்.

முதல் நாள் எழும்பிப் போன அம்மா, தண்ணீரைப் பற்றிய கூட்டத்துக்குத் திரும்பி வந்தார். அதன்பின் எல்லாவற்றுக்கும் வந்தார். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய போராட்டத்தில் இருந்தவர் அவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ஐந்தாம் படி நடந்த அன்று கடைசியில் அவர் பேசினார்: "சாமியிட்ட நான் பிறகு கேக்கிறன். மகனைப் பற்றி மூண்டு கடிதம் குடுத்தனான், ஒண்டுக்கும் பதில் இல்லை. பதில் போடவேண்டியவை முதல் பதில் போடட்டும்."

கொப்பி அன்று அந்த ஏ.எல். தம்பியின் கையில் இருந்தது. அவர் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதினான். கடிதங்கள் கொடுத்த திகதிகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பக்கத்தில் குறித்துக்கொண்டான். அடுத்த கூட்டத்துக்குத் தகவல் அறியும் விண்ணப்பப் படிவத்தோடு வந்து, அவர் பக்கத்துக் கதிரையில் இருந்து நிரப்பத் தொடங்கினான்.